ஒன் பை டூ

“…ஆறிப்போச்சுன்னா அப்பறம் நல்லா இருக்காதுங்க, அதனாலதானுங்க சொல்றேன், நீங்க மொதல்ல எடுங்க, நான் அப்பறமா எடுத்துக்கறனுங்க” என்றார் சம்பந்தியம்மா.

நானும் அதையேதான் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடமாக. எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரே ஒரு வெள்ளைத் தட்டு. ஆலத்தி எடுக்கிற தாம்பாளம் அளவுக்கு அகலம். அதில் தக்காளியில் புரட்டிய நீள நீளமான மாவு இழைகள், ஆவி அடங்கிக்கொண்டே வந்தன. தட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு முள்கரண்டி, இந்தப் பக்கம் ஒரு முள்கரண்டி. சன்னலுக்கு வெளியே இங்கிலாந்தின் மழை. சமையலறை வாசலில் நின்றபடி கடைக்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சம்பந்தியம்மா என் மகளின் மாமியார். ஒட்டன்சத்திரம் தாண்டி, பழனி போகிற பாதையில் அவர்களுடைய தோட்டத்து வீடு. நான் திண்டுக்கல் டவுனுக்குள், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு மாடிப்படிக்குக் கீழே தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருக்கிறவள். எங்கள் பிள்ளைகள் இருவரும் வேலைக்கென்று போய் இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில் குடியிருந்தார்கள். அங்கே மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கியது. பிரசவம் பார்க்க நானும், பேத்தியைப் பார்க்க அவருமாக ஒரே விமானத்தில் போனோம். ஒரே விமானத்தில் திரும்பி வரவும் டிக்கெட் போட்டிருந்தது. “ரெண்டு பேரும் சேந்தே வாங்க அத்தை, ஒருத்தருக்கொருத்தர் துணையா இருக்கும்” என்று மாப்பிள்ளைதான் ஏற்பாடு செய்தார்.

துணையாகத்தான் இருந்தோம். கஷ்டமே அதுதான்.

சம்பந்தி என்றால் நம் பக்கம் எப்படி நடந்துகொள்வோம் என்று உங்களுக்குத் தெரியும். கல்யாண வீட்டில் ஒரு நாள், வளைகாப்பில் அரை நாள், காதுகுத்தில் ஒரு வேளைச் சாப்பாடு. அவ்வளவு நேரத்துக்குத்தான் அந்த மரியாதையைத் தைத்து வைத்திருக்கிறார்கள். அதை இரண்டு மாதம் கழற்றாமல் போட்டுக்கொண்டு இருந்து பாருங்கள். என்னிடம் தைக்க வருகிற ஒரு டீச்சரம்மா, புது ரவிக்கையைப் போட்டுப் பார்த்துவிட்டு ஒரு தடவை சொன்னார்: “மூச்சு விட்டா தையல் போயிரும், விடாட்டி நான் போயிருவேன்.” அந்த வீட்டில் என் நிலைமை அச்சு அசல் அதுதான்.

மூன்றாவது மாடியில் இரண்டு படுக்கையறை வீடு. ஒன்றில் பிள்ளைகளும் குழந்தையும். இன்னொன்றில் நாங்கள், ஒரே கட்டிலில். கட்டில் நல்ல அகலம். ஆனால் நான் இந்த ஓரத்திலும் அவர் அந்த ஓரத்திலும் ஒட்டிக்கொண்டு படுத்ததில் நடுவில் இன்னொரு ஆள் தாராளமாகப் படுக்கலாம். குளித்து வருவதற்கு, “நீங்க போங்க”, “இல்ல, நீங்க மொதல்ல” என்று குளியலறை வாசலில் நிற்போம். பார்த்துக்கொண்டே இருந்த என் மகள் ஒருநாள், “அம்மா, இப்படியே ரெண்டு பேரும் நின்னீங்கன்னா ஆபீசுக்கு உங்க மாப்பிள்ளை குளிக்காமத்தான் போகணும்” என்றாள். காபியும் அப்படித்தான். யார் முதலில் குடிப்பது என்று பார்த்துப் பார்த்து, நான் இங்கிலாந்தில் குடித்த காபி ஒன்றுகூடச் சூடாக இருந்ததில்லை.

சமையலில் இன்னும் மோசம். அவர் தேங்காய் அரைத்து ஊற்றி அரிசியும் பருப்புமாக ஒரு சாதம் செய்வார். எனக்குக் காரம் போதாது. “ரொம்ப நல்லா இருக்கு சம்பந்தி” என்பேன். நான் வைக்கிற குழம்பில் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். “அருமைங்க” என்பார், மூக்கைத் துடைத்துக்கொண்டே. ஒருநாள், “வெஞ்சனம் என்ன வைக்கட்டும்?” என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, “அது இந்தூர்ல கெடைக்குங்களா?” என்றார். தொட்டுக்கொள்ள ஏதாவது என்பதைத்தான் எங்கள் பக்கம் வெஞ்சனம் என்போம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவருக்குத் தெரியவில்லை என்று காட்டுவதாக ஆகிவிடுமே என்று, “கெடைக்காதுங்க, விடுங்க” என்று உருளைக்கிழங்கை வறுத்தேன்.

அதையாவது விடலாம். குழந்தை பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை, நான் யோசிக்காமல் என் வழக்கப்படி, “செத்த நேரம் குழந்தையைப் புடிங்க சம்பந்தி” என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கியது. குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, குனிந்து அதன் நெற்றியைப் பார்த்தபடி, “எங்க பக்கம் சித்த நேரம்னு சொல்லுவோமுங்க” என்றார். அவ்வளவுதான். கொஞ்ச நேரம் என்று நான் சொன்னது அவர் காதில் சாவாக விழுந்திருக்கிறது. அதற்கப்புறம் இத்தனை நாளும் என் வாயில் அந்த வார்த்தை வராமல் பார்த்துக்கொண்டது, மடியில் தண்ணீர்க் குடத்தை வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகிற மாதிரி இருந்தது.

எனக்கு எல்லாவற்றையும்விட அந்த ‘ங்க’தான் தாங்கவில்லை. ஆமாங்க, சரிங்க, இல்லீங்க, வேண்டாமுங்க. ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு சின்னக் கதவைச் சாத்துகிற மாதிரி. இந்த அம்மா நம்மை ஒரு கை தூரத்திலேயே நிறுத்தி வைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் பேச்சிலேயே வாழ்ந்தவள். எட்டாவதோடு படிப்பு நின்றது. மிச்சத்தையெல்லாம் எனக்குக் கற்றுக்கொடுத்தது அளவு கொடுக்க வருகிறவர்கள்தான். டேப்பைத் தோளில் வைத்தால் போதும், நம் பெண்கள் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுவார்கள். நல்ல பேச்சாக இருந்தால் அளவு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி வைத்துக்கொள்வேன். “அவரு ரிட்டயர் ஆனாரு, எனக்கு ரெண்டு ஷிப்டாப் போச்சு” என்று ஒருத்தி. ஆத்தூரிலிருந்து வருகிற ஒரு அக்கா சொன்னது இன்னும் சிரிப்பாக இருக்கும்: “சம்பந்தி வீட்டுல சாப்பிடுறீங்களான்னு கேட்டாக. வேணாம்னேன். இன்னொருக்கா கேப்பாகன்னு பாத்தேன், கேக்கவே இல்ல. திண்டுக்கல்லு பஸ் ஸ்டாண்டுல எறங்கி நாலு புரோட்டா தின்னுட்டுத்தான் ஊருக்குப் போனேன்.” அந்த நோட்டை இங்கிலாந்துக்கும் எடுத்துப் போயிருந்தேன். இரண்டு மாதத்தில் ஒரு வரி எழுதவில்லை. பகலெல்லாம் சன்னல். சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டு. கீழே போகிறவர்கள் எல்லாம் குடைக்குள் இருப்பார்கள். என் வாயே எனக்கு வேண்டாத சாமானாகிவிட்டது.

இன்னும் பதினொரு நாளில் ஊருக்குப் போகிறோம் என்று எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் அது வந்தது. மகள் மறுபடியும் வேலைக்குப் போகவேண்டிய நாள் நெருங்கிவிட்டது. குழந்தையைப் பகலில் விடுகிற காப்பகத்தில் இடம் கிடைக்க இன்னும் மூன்று மாதம் ஆகுமாம். அதுவரை எங்களில் ஒருவர் இருக்க வேண்டும். அன்று காலை மாப்பிள்ளை எங்கள் இருவரையும் உட்கார வைத்துக்கொண்டு, “யாரு இருக்கீங்கன்னு இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லிருங்க. ஒரு டிக்கெட்ட மாத்தணும். நாளைக்குப் போனா விலை ஏறிரும்” என்றார்.

“நான் இருக்கேன் மாப்பிள்ளை” என்றேன் உடனே. பெற்றவள் வேறு என்ன சொல்வாள்?

“அவங்களே இருக்கட்டும் கண்ணு. பொண்ணப் பெத்தவங்க இருக்கறதுதான் மொறை. நான் போறேன்” என்றார் சம்பந்தியம்மா.

“இல்லங்க, பேத்திக்கு நீங்கதான் மொதல்ல. நீங்க இருக்கணும்னா இருங்க.”

“ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்க. நீங்களே இருங்க.”

நான் இருக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. ஒரு நாள்கூட நினைக்கவில்லை. கிளம்பும்போது வீட்டுக்காரரிடம், “தை பொறக்குறதுக்கு முன்னாடி வந்துருவேன்” என்று சொல்லிவிட்டு வந்தேன். தையில்தான் கல்யாணத் தையல். முந்தின வாரம் அவர் போனில், “நீ கவலைப்படாத, அங்கேயே இரு, நான் சமாளிச்சுக்குறேன்” என்றவர், அதே மூச்சில், “ஆமா, அந்த மாடிப்படி எடத்துக்கு செல்போன் கடைக்காரன் கேக்குறானாம். தை மாசமும் பூட்டியே கெடந்தா அவனுக்கு விட்ருவேன்னு கட்டடத்துக்காரர் சொல்றாரு” என்றார். பதினெட்டு வருஷம் உட்கார்ந்த இடம். படிக்கட்டு தலையில் இடிக்காமல் குனிந்து எழுந்து என் முதுகுகூட அந்த இடத்துக்கேற்ப வளைந்திருக்கிறது. அதை மகளிடம் சொல்ல முடியுமா? பச்சைப் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். அவளிடம் போய், உன் பிள்ளையைவிட என் மிஷின் எனக்குப் பெரிது என்று எந்தத் தாய் சொல்வாள்? சொல்லாமல் வாயை மூடிக்கொண்டால் சாயங்காலம் டிக்கெட் மாறிவிடும். அன்று மதியம் வரை என் கழுத்தில் யாரோ டேப்பைச் சுற்றி இழுத்துக்கொண்டே இருந்தார்கள்.

பதினொரு மணிக்குக் குழந்தைக்கு ஊசி போட பிள்ளைகள் இருவரும் கிளம்பினார்கள். “நீங்க ரெண்டு பேரும் செத்த வெளிய போயிட்டு வாங்கம்மா, வீட்டுக்குள்ளயே கெடக்குறீங்க” என்றாள் மகள். செத்த என்று அவள் சொன்னதைச் சம்பந்தியம்மா கேட்காத மாதிரி இருந்தார். நாங்கள் சேலைக்கு மேல் மாப்பிள்ளையின் பழைய கோட்டுகளைப் போட்டு, காலில் ஷூவை மாட்டி, தெருமுனைக் கடையில் கொத்தமல்லி வாங்கக் கிளம்பினோம். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு கடையின் துணிப்பந்தலுக்குக் கீழே ஒதுங்கினோம். உள்ளே இருந்து பூண்டு வதங்குகிற வாசம் வந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூக்கை அந்தப் பக்கம் திருப்பினோம்.

கதவு திறந்தது. கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். இடுப்பில் துண்டு, நம் ஊர் புரோட்டா மாஸ்டர் கட்டுகிற மாதிரியே. “கம், லேடீஸ், கம்! வெட், வெட்!” என்று கையைப் பிடிக்காத குறையாக உள்ளே அழைத்தார்.

“போலாமுங்களா?” என்றார் சம்பந்தியம்மா.

“நீங்க சொன்னா போகலாம்.”

“நீங்க சொன்னாத்தானுங்க.”

கடைக்காரர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டே நின்றார். குளிர் உள்ளே போகிறதே என்கிற பாவத்தில்தான் நுழைந்தோம்.

ஆறே மேசை. எங்களைத் தவிர யாரும் இல்லை. இத்தாலிக்காரர் கடை என்று சுவரில் இருந்த படங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். மகள் முன்பே காட்டியிருக்கிறாள், தெரு வழியாகப் போகும்போது. சன்னலோரம் உட்கார வைத்தார். மேசைத்துணியின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தேன், பழக்க தோஷம். கையால் மடித்துத் தைத்த ஓரம், ஒரு தையல்கூட வெளியே தெரியவில்லை. அதைப் பார்த்ததும் என்னமோ நெஞ்சு கொஞ்சம் இளகியது. அந்தச் சூடு, பூண்டு வாசம், உள்ளே பாத்திரம் விழுகிற சத்தம். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக ஒரு இடத்தில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

உணவுப் பட்டியலைக் கொடுத்தார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் கட்டிங் புத்தகத்தில் படித்தது. ஷோல்டர், சிலீவ், பேக் ஓபன். அந்த அட்டையில் அது எதற்கும் வேலை இல்லை. மார்கழியில் சம்பந்தியம்மா கறி மீன் தொடமாட்டார். ஆகவே, “நோ மீட், நோ பிஷ், நோ எக்” என்றேன்.

“டொமேட்டோ? கார்லிக்?”

“எஸ், எஸ்.”

“டூ?” என்று இரண்டு விரலைக் காட்டினார்.

எங்கள் பக்கத்து மேசையில் முன்பு யாரோ சாப்பிட்டுவிட்டுப் போன தட்டு எடுக்காமல் இருந்தது. அதன் அளவைப் பார்த்தாலே வயிறு நிறைந்துவிடும். இரண்டு வாங்கினால் வீணாகும். திண்டுக்கல்லில் நாம் காபிக் கடையில் எப்படிச் சொல்வோம்? அப்படியே சொன்னேன்: “ஒன் பை டூ.”

நம் ஊரில் அந்தச் சொல்லைச் சொன்னால் மாஸ்டர் ஏறெடுத்துக்கூடப் பார்க்கமாட்டார். ஒரு காபியை இரண்டு டம்ளரில் பிரித்து, இரண்டிலும் நுரையைச் சமமாக ஏற்றி வைத்துவிட்டுப் போய்விடுவார். அதை நான் சுத்தமான இங்கிலீஷ் என்றே நம்பியிருந்தேன். இங்கிலீஷ் பிறந்த ஊருக்கே போய்ச் சொன்னால் முழிப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

“ஒன்… பை… டூ?” அவர் என்னைப் பார்த்தார், சம்பந்தியம்மாவைப் பார்த்தார், எங்கள் நடுவில் இருந்த மேசையைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. “ஆ! சீ, சீ!” என்று இரண்டு கையையும் சேர்த்துத் தட்டிவிட்டு உள்ளே போனார்.

சம்பந்தியம்மா வாடிப்போனார். “என்னங்க, நம்மளப் பாத்துச் சீங்கறாரு?”

“அவங்க பாஷையில ஆமான்னு இருக்கும் சம்பந்தி. மூஞ்சியப் பாத்தா சிரிச்ச மாதிரிதான் இருக்கு.”

“எந்தூர்லீங்க ஆமாங்கறதுக்குச் சீங்குவாங்க?”

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் உச்சத்தில் எழுந்தது. அவர் பதிலுக்குக் கத்தினார். அந்தக் குரல் இன்னும் ஏறியது. எதையோ படார் என்று வைக்கிற சத்தம். பிறகு அவர் குரல் தணிந்து, கடைசியில் முணுமுணுப்பாகி நின்றுவிட்டது. சம்பந்தியம்மா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தவர், “என்ன பேசறாங்கன்னு ஒண்ணும் புரியலீங்க. ஆனா யாரு மேல தப்புன்னு நல்லாப் புரியுது” என்றார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவரும் சிரித்தார், வாயைக் கோட்டுக் கையால் பொத்திக்கொண்டு. இரண்டு மாதம் ஒரே கட்டிலில் படுத்திருந்த மனுஷியிடம் இப்படி ஒரு பேச்சு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நோட்டை வீட்டில் வைத்துவிட்டு வந்தோமே என்று இருந்தது.

அப்போதுதான் தட்டு வந்தது. ஒரே தட்டு. இரண்டு முள்கரண்டி. புதுமணத் தம்பதிக்கு வைக்கிற மாதிரி எங்கள் நடுவில் வைத்துவிட்டுப் பூரிப்போடு நின்றார்.

“எங்கூருச் சந்தகையாட்ட இருக்குதுங்க” என்றார் சம்பந்தியம்மா. அரிசி மாவில் பிழிவார்களாமே, அது. தக்காளிக்கு மேலே கிள்ளிப் போட்டிருந்த பச்சை இலையை முகர்ந்தவர் நிமிர்ந்தார். “இது துன்னூத்துப் பச்சலைங்க! எங்க கெணத்து மேட்டுல தானா மொளைச்சுக் கெடக்கும். தலையில வெக்கறதக் கொண்டாந்து தட்டுல வெச்சிருக்கறாங்க.”

திருநீற்றுப் பச்சிலையைத்தான் அப்படிச் சொல்கிறார். எனக்கும் அந்த வாசம் தெரியும். பூமார்க்கெட் வழியாக நடந்தால் மாலைக்குள்ளிருந்து வருகிற வாசம்.

கடைக்காரர் ஒரு பாலாடைக்கட்டியையும் துருவியையும் எடுத்துக்கொண்டு, “சே வென்” என்று சொல்லித் தட்டின் மேல் துருவ ஆரம்பித்தார். ‘வென்’ என்று சொல்லச் சொல்கிறார்; எப்போது என்று எதைச் சொல்வது? மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் துருவினார். எங்கள் முகத்தைப் பார்த்தார். துருவினார். தக்காளி மறைந்தது. இலை மறைந்தது. கை வலித்திருக்க வேண்டும், மாற்றிப் பிடித்துக்கொண்டு மறுபடி துருவினார். “போதும்னு சொல்லுங்க” என்றேன். “நீங்க சொல்லுங்க, நான் எப்படிங்க சொல்றது” என்றார் சம்பந்தியம்மா. கடைசியில் பந்தியில் இலைக்கு மேல் கையைக் காட்டுவோமே, அதுபோல் தட்டுக்கு மேல் இரண்டு கையையும் விரித்துவிட்டேன். துருவி என் விரலில் உரசி நின்றது.

அவர் போவதற்குள், “எம்ட்டி பிளேட்” என்று கேட்டேன். ஒரு காலித் தட்டு இருந்தால் பிரித்துக்கொள்வோம். அவர் நிறைந்த தட்டைக் காட்டி, “எம்ட்டி! எஸ், எஸ்! ஆல்!” என்று கையை வீசினார். முழுவதையும் காலி செய்துவிடுவோம் என்று நான் சபதம் போட்டதாக எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது.

அப்படித்தான் மாட்டிக்கொண்டோம். யார் முதலில் முள்கரண்டியை வைத்தாலும் மிச்சம் மற்றவருக்கு எச்சில். பெண்ணைக் கொடுத்தவள் நான், மாப்பிள்ளையின் தாயாரை என் எச்சிலைச் சாப்பிட வைப்பேனா? என்னைவிட இரண்டு வயது இளையவர் அவர், பெரியவளுக்கு அவர் தன் எச்சிலை வைப்பாரா? எழுந்து போகவும் முடியாது. வாசலில் அந்த மனிதர் நிற்கிறார். இப்போது அவர் தோளுக்குப் பின்னால் அந்தச் சண்டைக்கார அம்மாவும் எட்டிப் பார்த்தார். சாப்பாட்டில் என்ன குறை என்று இரண்டு முகத்திலும் கவலை. வெளியே மழை. நாங்கள், “நீங்க எடுங்க”, “நீங்க எடுங்க”.

நடுவில் பிரித்துவிடலாம் என்று முள்கரண்டியால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தேன். துணி என்றால் சாக்பீஸ் கோட்டில் கத்திரியை வைத்து வெட்டிவிடுவேன். இதில் என் பக்கம் இழுத்தால் அவர் பக்கத்திலிருந்து இழை இழையாக எழுந்து வந்தது. அவர் பக்கம் தள்ளினால் என் பக்கம் காலியாகியது.

“இது பிரியாதுங்க” என்றார் சம்பந்தியம்மா. “இங்க இழுத்தா அங்கயிருந்து வருது.” சொல்லிவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பினார். “சாயங்காலம் என்னங்க சொல்லப் போறீங்க?”

“என்ன சொல்றது? நான் இருக்கேன்னுதான்.”

“ஆமாங்க. அதுதானுங்க மொறை.”

அந்த ஆமாங்க என் காதில் விழுந்ததும் எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. அந்தத் தட்டு, அந்த வீடு, அந்தக் கட்டிலின் ஓரம், நாலு மணி இருட்டு எல்லாம் இன்னும் மூன்று மாதத்துக்கு நீண்டு கிடப்பது தெரிந்தது. முள்கரண்டியில் ஒரு கொத்து எடுத்து வாயில் வைத்துவிட்டேன்.

அந்த இழை முடியவில்லை. பாதி வாய்க்குள், பாதி தட்டில். உறிஞ்ச வெட்கம், கையால் பிடிக்க வெட்கம். பல்லால் கடித்தேன். அறுந்த மிச்சம் அப்படியே திரும்பித் தட்டில் விழுந்தது. முழுத் தட்டும் எச்சிலாகிவிட்டது.

ஆனால் என்ன ருசி! பூண்டும் தக்காளியும் அந்தத் துன்னூத்துப் பச்சிலையுமாக நாக்கில் பட்டதும், இரண்டு மாதமாக உப்பு உறைப்பு எதையும் நான் சரியாகச் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வாய் நிறைய வைத்துக்கொண்டு, கண் கலங்கி, எனக்கே தெரியாமல் சொல்லிவிட்டேன்.

“எனக்கு ஊருக்குப் போகணும் சம்பந்தி. என்னால இன்னும் மூணு மாசம் இங்க இருக்க முடியாது. என் கடை போயிரும். கடை மட்டுமில்ல, இங்க எனக்குப் பேச்சே மறந்துபோச்சு. பெத்தவ இப்படிச் சொல்லக் கூடாது. ஆனா அம்புட்டுதான், சொல்லிட்டேன்.”

கடைக்காரர் மெதுவாக வந்து, “குட்? நோ குட்?” என்று கேட்டார். “குட், குட்” என்றார் சம்பந்தியம்மா, அவரைப் பார்க்காமலே. அவர் போன பிறகு குரல் தாழ்ந்து வந்தது.

“ஏனுங்க, இத மொதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே. எனக்கு இங்கயே இருக்கோணும்னு ஆசைங்க.”

நான் மெல்வதை நிறுத்தினேன்.

“அங்க எங்க வீட்ல மாடு கன்னெல்லாம் பெரியவன் வித்துட்டானுங்க. தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டாச்சு. காலைல எந்திரிச்சா எனக்கு ஒரு வேலையும் கெடையாது, யாரும் என்னைய எதுக்கும் கூப்படறதில்லீங்க. இங்க இந்தப் புள்ள அழுதா நான் தூக்குனா நிக்குதுங்க. உங்க பொண்ணு அத்தைனு ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கூப்படறா. ஆனா பெத்தவங்க நீங்க இருக்கறப்ப, மாமியாகாரி நான் இருந்துக்கறேன்னு முந்திக்கிட்டா, அந்தப் புள்ள மனசுல என்ன நெனைக்கும்? அம்மாளத் தொரத்திட்டு மாமியா வந்து உக்காந்துட்டான்னு நெனைக்காதுங்களா? அதனாலதானுங்க மொறை மொறைன்னு சொல்லிட்டே இருந்தேன்.”

இத்தனை நாள் சாத்துகிற கதவு என்று நான் நினைத்த அந்த ‘ங்க’ எல்லாம் இதிலும் இருந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை. அவர் அப்படித்தான் பேசுவார், தன் பிள்ளையைத் தவிர யாரிடமும். எனக்குத்தான் காது சரியில்லை.

“எம் மககிட்ட என்ன சொல்றது சம்பந்தி? நான் போறேன்னு சொன்னா அவ மனசு விட்ரும்.”

“நீங்க ஒண்ணுமே சொல்ல வேண்டாமுங்க. சாயங்காலம் நான் சொல்லிக்கறேன். பேத்திய விட்டுட்டு வரமாட்டேன், நாந்தான் இருப்பேன்னு அடம் புடிக்கறேன். மாமியா அடம் புடிச்சா வீட்ல யாருங்க கேள்வி கேப்பாங்க?” பிறகு, “நீங்க கொஞ்சம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குங்க. ரொம்ப வேண்டாம், செத்த நேரம் போதும்” என்றார்.

செத்த நேரம். அவர் வாயிலிருந்து.

எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. தட்டைப் பார்த்தேன். நான் கடித்த இழைகள் என் பக்கத்து ஓரத்தில் அப்படியே கிடந்தன. “அவசரப்பட்டு எல்லாத்தையும் எச்சி பண்ணிட்டேன் சம்பந்தி. மன்னிச்சுக்குங்க. உங்களுக்கு வேற ஒண்ணு சொல்றேன்” என்று கடைக்காரரைப் பார்த்துக் கையைத் தூக்கினேன்.

சம்பந்தியம்மா என் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். முள்கரண்டியை எடுத்துத் தட்டுக்கு வெளியே வைத்தார். கோட்டுக் கையை முழங்கை வரை சுருட்டி ஏற்றிவிட்டுக்கொண்டார். பிறகு தன் பக்கம் இருந்ததைத் தொடாமல், என் பக்கம் அறுந்து கிடந்த அந்த இழைகளை ஐந்து விரலாலும் கூட்டி, தக்காளியில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்து, வாயில் போட்டுக்கொண்டார்.